ஒரு சொந்தக்காரரும் இல்லாத ஊர்

அந்த எண்ணம் எனக்கு வந்தபோது நான் பட்டுச்சேலையோடு காரின் பின்சீட்டில் நசுங்கிக்கொண்டிருந்தேன். மில்டன் கீன்ஸில் ஒரு சாமத்தியவீடு, அதாவது பூப்புனித நீராட்டு விழா, முடிந்து கிழக்கு லண்டனில் குட்மேய்ஸில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்புகிறோம். மடியில் கேக் பெட்டி, அதன்மேல் வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்த பிளாஸ்டிக் டப்பா, அதன்மேல் அம்மாவின் கைப்பை. நெடுஞ்சாலையில் வாகனங்கள் அசையவில்லை. எங்கள் கார் நின்றது ஒரு பழுப்புநிறப் பலகைக்கு நேரே. பார்க்கத்தக்க இடங்களுக்கு வழிகாட்டும் பலகை. ஒரு கோட்டையின் படம், ஓர் அம்புக்குறி, மூன்று மைல். அவ்வளவுதான்.

இந்தப் பலகையை நான் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். இங்கிலாந்து முழுக்க இவை நிற்கின்றன. கோட்டை, தோட்டம், காற்றாலை, நீராவி ரயில். ஒருமுறைகூட நாங்கள் அந்த அம்பின் பக்கம் திரும்பியதில்லை. ஒருமுறைகூட!

"அப்பா, இதால திரும்பினா என்ன?" என்று கேட்டேன்.

அப்பா கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "ஏன், ஆர் இருக்கினம் அங்க?"

"ஆரும் இல்லை. ஒரு கோட்டை."

"ஆரும் இல்லாத இடத்துக்கு ஏன் பிள்ளை போகவேணும்?" என்றார் அம்மா, உண்மையிலேயே விளங்காமல்.

அந்தக் கணத்தில் எனக்குள் ஏதோ 'டக்' என்று பற்றிக்கொண்டது. அப்பா இந்த நாட்டில் லட்சக்கணக்கான மைல்கள் ஓடியிருப்பார். கோவென்ட்ரி, லெஸ்டர், பர்மிங்ஹாம், எல்லாம் தெரியும். ஆனால் கோவென்ட்ரி என்றால் ஒன்றுவிட்ட மாமா வீடு. லெஸ்டர் என்றால் மூன்று கலியாண மண்டபமும் ஒரு செத்தவீடும். அவருடைய இங்கிலாந்து வரைபடத்தில் ஊர்களே கிடையாது, ஆட்கள் மட்டும்தான். இடையில் இருக்கிற மலை, ஆடு, கடல் எல்லாம் ஆட்களுக்கிடையே நிரப்பி வைத்த பச்சை நிறம்.

வீட்டுக்கு வந்து சேலையைக்கூட மாற்றாமல் கணினியைத் திறந்து ஓர் அட்டவணை போட்டேன். தலைப்பு: 'ஆரும் இல்லாத இடங்கள்'.

அந்த வாரம் முழுக்க நான் கொஞ்சம் பைத்தியமாகத்தான் இருந்தேன். வேலையில் மதிய இடைவேளை, ரயில், குளியலறை, எங்கும் வரைபடம்தான். விதிகள் எழுதினேன். போக இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஆகக்கூடாது. காரை நிறுத்தி ஐந்து நிமிடம் நடந்ததும் வாயைப் பிளக்க வைக்கிற ஏதாவது தெரியவேண்டும். ஏனென்றால் அம்மாவின் முழங்கால் ஆறாவது நிமிடத்தில் முறைப்பாடு செய்யும். கழிப்பறை கட்டாயம். நாலாவது விதிதான் முக்கியம்: பத்து மைல் சுற்றளவில் சொந்தக்காரரோ தெரிந்தவரோ ஒருவரும் இருக்கக்கூடாது.

நாலாவது விதி என் பட்டியலைத் தின்று தீர்த்தது. பிரைட்டனா? அப்பாவோடு முன்பு வேலை செய்தவர் அங்கே கடை வைத்திருக்கிறார். மார்கேட்டா? அம்மாவின் பள்ளித் தோழி. ஒக்ஸ்போர்டில் ஒரு டொக்டர் அண்ணா, கேம்பிரிட்ஜில் அவருடைய மனைவியின் தங்கை. எங்கள் ஆட்கள் இந்தத் தீவை எப்படி இவ்வளவு நேர்த்தியாகப் பங்குபோட்டுக் குடியேறினார்கள் என்று எனக்கு மலைப்பாக இருந்தது. கடைசியில் தென்கிழக்கு மூலையில் ஒரு வெற்றிடம் அகப்பட்டது. டோவர். வெள்ளைப் பாறைகள், கடல், கப்பல், கழிப்பறை, சொந்தம் பூச்சியம். நான் கதிரையிலிருந்து எழும்பி ஒரு சுற்று ஆடினேன்.

ஆனால் அப்பாவின் ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேண்டும். அதற்குத்தான் ஆபத்து வந்திருந்தது. அப்பா ஒரு பெற்றோல் நிலையத்தில் சுப்பர்வைசர். முதலாளியும் எங்கள் ஆள்தான். இனி எல்லா ஞாயிறும் அப்பாவே ஷிப்ட் எடுக்கவேண்டும் என்று கேட்டிருந்தார். நிரந்தரமாக. அப்பாவுக்கு அதில் பெரிய மறுப்பு இல்லை.

"ஞாயிற்றுக்கிழமை வீட்டில சும்மாதானே கிடக்கிறன். இல்லாட்டி ஆரின்ரையோ சாமத்தியவீடு. அதுக்கு ஷிப்டில நிக்கிறது சுகம்."

"ஒரே ஒரு ஞாயிறு எனக்குத் தாங்கோ. அதுக்குப் பிறகு முடிவெடுங்கோ."

அப்பா யோசித்தார். "சரி. வாற ஞாயிறு பின்னேரம் முதலாளி அண்ணை போன் எடுப்பார். அதுக்கு முதல் உன்ர கோட்டையைக் காட்டு."

"கோட்டை இல்லை அப்பா, பாறை."

"என்னவோ ஒண்டு. நல்லா இல்லாட்டி நான் அவருக்கு ஓமெண்டு சொல்லிப்போடுவன்."

ஆக என் கையில் இருந்தது ஒரு நாள். காலை ஏழுக்குப் புறப்பாடு, டார்ட்ஃபோர்ட் பாலம், ஒன்பதுக்கு டோவர். அச்சடித்து என் அறைச் சுவரில் ஒட்டினேன். அம்மாவுக்கு மட்டும் சனிக்கிழமை மாலைவரை இடத்தின் பெயரைச் சொல்லவில்லை. அது என் சாமர்த்தியம் என்று நினைத்தேன். ஆனால் அம்மா ஒவ்வொரு நாளும் இரவுச் சாப்பாட்டுக்கு முன் தெற்கு லண்டனில் நோர்பரியில் இருக்கும் சித்தியோடு போனில் பேசுவார் என்பதை, இருபத்துநாலு வருடம் அதே வீட்டில் இருந்தும், நான் கணக்கில் எடுக்கவில்லை.

"டோவருக்குப் போறம்," என்று அம்மா போனில் சொன்னது மாடிவரை கேட்டது. மறுமுனையில் சித்தி ஏதோ கேட்டிருக்கவேண்டும். பிறகு, "ச்சீ, அப்பிடி இல்லையடி. உன்ர வாசலால போய்க்கொண்டு உள்ள வராமல் போவமே?"

நான் படிகளில் தடதடவென்று இறங்கினேன். "அம்மா! நோர்பரி வழியில இல்லை! அது மற்றப் பக்கம்!"

"தேம்ஸ் ஆத்தைத் தாண்டிறதுதானே?"

"ஓம், ஆனா…"

"அப்ப வழிதான். ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போறதுக்கு என்ன. பதினைஞ்சு நிமிசம்."

வரைபடத்தைக் காட்டினேன். விரலால் கோடு கிழித்துக் காட்டினேன். அம்மா கண்ணாடி போட்டு நிதானமாகப் பார்த்துவிட்டு, "கிட்டத்தானே" என்றார். அப்பா தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார்.

பதினைந்து நிமிடம்! தமிழர் வீட்டில் ஒரு தேநீர் பதினைந்து நிமிடத்தில் முடிந்ததாக யாராவது சொன்னால் நான் நேரில் போய்ப் பார்க்கத் தயார். பிளாக்வோல் சுரங்கத்தில் ஊர்ந்து நோர்பரி போய்ச் சேர ஒன்பதரை. சித்தி கதவைத் திறந்தார். கறுப்புக் கண்ணாடி, வெள்ளைச் சப்பாத்து, தலையில் ஒரு வைக்கோல் தொப்பி.

"வாங்கோ அத்தான், வாங்கோ அக்கா. ரெண்டே ரெண்டு இடியப்பம் சாப்பிட்டிட்டு வெளிக்கிடுவம்."

"வெளிக்கிடுவமோ?" என்றேன்.

"பின்ன? நானும் வாறன். இவர் நைட் ஷிப்ட் முடிஞ்சு படுத்திட்டார். எனக்கு இஞ்ச என்ன வேலை? நான் உந்தக் கடலை இன்னும் பாக்கேல்லை."

இரண்டு இடியப்பம் ஆறானது. சொதிக்குப் பிறகு தேநீர் வந்தது. தேநீருக்குப் பிறகு, மில்டன் கீன்ஸ் சாமத்தியவீட்டில் யார் யாரோடு கதைக்கவில்லை என்ற விசாரணை தொடங்கியது. நான் காரின் சாவியைக் குலுக்கினேன். இருமினேன். கடைசியில் வெளியே போய்க் காரில் ஏறி ஹோர்ன் அடித்தேன். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவர்தான் எட்டிப் பார்த்தார். நோர்பரியை விட்டபோது மணி பன்னிரண்டு. சித்தியின் மடியில் ஒரு பெரிய பானை. வழியில் பசிக்குமாம்.

அதற்குப் பிறகு வீதிவேலை. ஒரே பாதையில் எல்லா வாகனமும். அப்பாவின் கழுத்து மெல்ல மெல்லச் சிவந்தது. அந்தக் கழுத்தில்தான் என் அட்டவணையின் தலைவிதி எழுதியிருந்தது.

"இதுக்கு வீட்டில படுத்திருக்கலாம்," என்றார்.

"இன்னும் நாற்பது மைல்தான் அப்பா."

"அண்ணை எடுக்கட்டும். ஓமெண்டுதான் சொல்லப்போறன்."

பின்சீட்டில் சித்தி, "அத்தான், ஒரு வடை?" என்று நீட்டினார். அப்பா வாங்கினார். வாங்கினாரே என்று அந்த வடைமேல் என் முழு நம்பிக்கையையும் வைத்தேன்.

டோவர் பாறைகளின் மேலே காரை நிறுத்தியபோது மணி மூன்றைத் தாண்டிவிட்டது. கதவைத் திறந்ததும் காற்று சித்தியின் தொப்பியைப் பறித்துப் புல்வெளியில் உருட்டிக்கொண்டு போனது. சித்தி "ஐயோ, பிடியுங்கோ!" என்று துரத்த, பின்னால் அம்மா, முழங்காலை மறந்து, சேலைக்கு மேல் போட்ட குளிர்க்கோட்டோடு ஓட, நான் விழுந்து விழுந்து சிரித்தேன். தொப்பி ஒரு வேலிக்கம்பியில் மாட்டியது. இருவரும் அதைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்கள். அப்போதுதான் கடல் தெரிந்தது.

"அம்மாடி!" என்றார் அம்மா.

நீலம் என்றால் அப்படி ஒரு நீலம். பாறையின் வெள்ளை கண்ணைக் கூசவைத்தது, நேற்றுத்தான் சுண்ணாம்பு அடித்தமாதிரி இருக்கு என்றார் அம்மா. தூரத்தில் சாம்பல் கோடுபோல இன்னொரு கரை.

"அது என்ன, தீவோ?" என்றார் அப்பா.

"பிரான்ஸ்!"

அவர் நம்பவில்லை. சரியாக அந்த நேரத்தில் அவருடைய போன் 'டிங்' என்றது. எடுத்துப் படித்தார். பிரான்சுக்கு உங்களை வரவேற்கிறோம் என்று தொலைபேசி நிறுவனம் செய்தி அனுப்பியிருந்தது.

"ஐயோ, பிரான்ஸ்காரன் என்ர போனைப் பிடிச்சிட்டான்!" அப்பா அதை நெருப்புத் துண்டுபோலக் கையில் வைத்திருந்து, வெளிநாட்டுக் கட்டணம் ஏறுவதற்குள் அவசரமாக அணைத்து, சட்டைப் பைக்குள் தள்ளினார். எனக்குத் தெரிந்து விழித்திருக்கும் நேரத்தில் அப்பாவின் போன் அணைந்திருந்தது அதுதான் முதல் தடவை.

ஆனால் அவரை விழுத்தியது கடலும் இல்லை, பாறையும் இல்லை. அதை நான் எந்த விதியிலும் எழுதியிருக்கவில்லை. பாறை விளிம்புக்குப் பாதுகாப்பாகத் தள்ளி நின்று பார்த்தால் கீழே துறைமுகம் முழுதாகத் தெரியும். ஒரு பெரிய கப்பல் வாயைத் திறந்து நிற்கிறது. அதன் முன்னால் கார்கள், லொறிகள், கரவான்கள், கோடு கோடாக. ஒருவன் கையைக் காட்டுகிறான். ஒரு வரிசை புறப்பட்டுக் கப்பலின் வாய்க்குள் போகிறது. அடுத்த வரிசை. அடுத்தது. யாரும் இடையில் புகவில்லை.

பெற்றோல் நிலையத்தில் நாள் முழுக்க வாகன வரிசையோடு மல்லுக்கட்டும் மனிதர் புல்லில் சப்பணம் கட்டி அமர்ந்துவிட்டார்.

"பார் பிள்ளை, பார். லொறியை முதல் விடுறான். பாரத்தைக் கீழ வைக்கிறான். எவ்வளவு மூளை! எங்கட பம்பில நாலு கார் நிண்டா நாற்பது சண்டை." கப்பல் வாயை மூடி நகர்ந்தது. நான் எழும்பினேன். அப்பா என் கையைப் பிடித்து இருத்தினார். "பொறு, மற்றது வருது."

மூன்று கப்பல் பார்த்தோம். சித்தியும் அம்மாவும் பானையைத் திறந்து புளிச்சாதம் போட்டுத் தந்தார்கள். கடந்துபோன ஒரு நாய் எங்களோடேயே தங்க முடிவெடுத்தது, அதன் சொந்தக்காரி மன்னிப்புக் கேட்டு இழுத்துப் போனாள். அப்பா கப்பலை விட்டுக் கண்ணை எடுக்காமல் சாப்பிட்டார்.

கார் நிறுத்துமிடத்துக்குத் திரும்பும்போது ஐந்தரை. அம்மாவும் சித்தியும் கழிப்பறை வரிசையில். அப்பா போனைத் திறந்தார். அது இங்கிலாந்துக்குத் திரும்பி வந்திருந்தது, வந்ததும் அடித்தது. முதலாளி. நான் பானையைக் கட்டிப்பிடித்தேன்.

"ஓம் அண்ணை… இல்லை, போன் பிரான்சில நிண்டது… இல்லை, நான் இஞ்சதான், போன்தான்." அப்பா தொண்டையைச் செருமினார். "அண்ணை, ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஏலாது… ஒருக்கால் ரெண்டுக்கால் எண்டா பரவாயில்லை, எல்லா ஞாயிறும் ஏலாது… அலுவல் இருக்கு… ஒரு இடம் போகவேணும்." கொஞ்சம் நிறுத்தினார். முதலாளி என்ன கேட்டார் என்று எனக்குத் தெரியும். எங்கள் ஆட்கள் எல்லோரும் கேட்பது அதைத்தான். அப்பா வானத்தைப் பார்த்துச் சொன்னார்: "ஆரின்ர வீட்டையும் இல்லை அண்ணை. சும்மா."

போனை வைத்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றோம். பார்த்தால் நான் கத்தியிருப்பேன்.

"உந்தக் கப்பல் எங்க போகுது?"

"பிரான்சில இருக்கிற கலேக்கு. ஒன்றரை மணித்தியாலம். காலமை போனா இரவைக்குத் திரும்பலாம். காரோட!"

அப்பா கழிப்பறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "கலேயில எங்கட ஆக்கள் ஆரும் இருக்கினமோ?"

"பாரிசில மாமா இருக்கிறார். கலேயில ஒருத்தரும் இல்லை அப்பா."

"நல்லது," என்றார். "சித்திக்குச் சொல்லிப்போடாத."

ஆகவே அடுத்த மாதத்து முதலாவது ஞாயிறு, விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்பாடு, டோவர் துறைமுகத்தில் லொறிகளுக்குப் பின்னால் மூன்றாவது வரிசை. வலப்பக்கமாக ஓட்டுவது எப்படி என்று அப்பா இப்போது ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து வந்து காணொளி பார்க்கிறார். மூன்று பாஸ்போர்ட்டும் என் மேசை லாச்சியில் இருக்கின்றன. டோவர் எங்கள் வழியில்தான், இந்தமுறை உண்மையாகவே. அம்மாவுக்கு மட்டும், டார்ட்ஃபோர்ட் பாலம் தாண்டிய பிறகு, அவருடைய போனை நான் பத்திரமாக வாங்கி வைத்துக்கொண்டு சொல்வதாக இருக்கிறோம்.