டுமகெட்டேயா, தக்பிலாரனா?

ரிட்டயர் ஆனதும் என் கணவர், “அமெரிக்கால இந்த சன்னிவேல் ஓட்டமெல்லாம் போதும். பிலிப்பைன்ஸ்ல ஒரு சின்ன ஊரா பார்த்துப் போயிடலாம்னு இருக்கு” என்றார். டுமகெட்டே, தக்பிலாரன் என்று இரண்டு ஊர்களைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் தினமும் சாப்பாட்டு மேஜையில் இதே பேச்சுதான்.

“தக்பிலாரன் அமைதியான ஊர். பாலம் தாண்டினா பீச்” என்பார்.

“டுமகெட்டேல நல்ல ஆஸ்பத்திரி இருக்கு. கடலோரமா வாக்கிங் போகலாம். நம்ம வயசுக்கு அதான் சரி” என்று நான் வாதாடுவேன்.

ஆபீஸ் ஷட்டில் பஸ்ஸில் அந்த ஊர் வீடியோக்களையே பார்த்தேன். அங்கேயும் புளி போட்டுச் சமைக்கிறார்கள் என்று தெரிந்து சந்தோஷப்பட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, “நான் எப்ப ரிசைன் பண்ணட்டும்?” என்று கேட்டேன்.

அவர் தோசையைப் பிய்ப்பதை நிறுத்தினார். “நீ எதுக்கு ரிசைன் பண்ணணும்?”

“அப்புறம் எப்படி உங்களோட வர்றது?”

“நீ வரணும்னு நான் எப்ப சொன்னேன், மாலா? உனக்கு வேலை இருக்கு. பொண்ணு இங்க இருக்கா. எனக்குத் தனியா இருக்கணும்போல இருக்கு.”

கோபமே இல்லாமல் சொன்னார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. யோசித்துப் பார்த்தால் அவர் ஒருமுறைகூட ‘நாம’ என்று சொன்னதில்லை. நானாகத்தான் சேர்த்துக் கேட்டிருக்கிறேன்.

மகளுக்கு போன் பண்ணி அழுதேன். “உனக்குத் தெரியும்னு நினைச்சேன், அம்மா” என்று இங்கிலீஷில் சொன்னாள்.

கடைசியில் அவர் போனது டுமகெட்டேக்குத்தான். ஆஸ்பத்திரி பற்றி நான் சொன்னது நியாயமாகப் பட்டதாம்.

கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்தும், ஒருவருடைய எதிர்காலத்தில் நமக்கு இடம் இருக்கிறதா என்று வாய்விட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. நான் ஊரைப் பற்றி மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தேன்.