அனுப்பி வைக்கப்பட்டவள்

எங்கள் பக்கத்து நிலத்துக்காரர் இறந்த வாரம், சபையில் பாஸ்டர் நியாயத்தீர்ப்பைப் பற்றிப் பேசினார். ஆண்டவரை ஏற்காதவர் எவ்வளவு நல்லவரானாலும் நரகம்தான் என்றார். வெள்ளத்தில் என் அம்மாவை டிராக்டரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன மனிதர் அவர். கோயிலுக்குப் போய்ச் சாமி கும்பிடுகிற இந்துக் குடும்பம். ஆராதனை முடிந்ததும் பாஸ்டரிடம் போனேன்.

"அவரு நம்ப மாட்டார்னு ஆண்டவருக்கு முன்னாடியே தெரியும்தானே? தெரிஞ்சே படைச்சிட்டு தண்டிக்கிறது இன்னா நியாயம்?"

"மனுஷனுக்கு சுயசித்தம் குடுத்திருக்காரும்மா. நீங்க ஜெபம் பண்ணுங்க" என்றார்.

பண்ணிப் பார்த்தேன். சில மாதங்களில் சபைக்குப் போவதை நிறுத்திவிட்டேன். கணவர் ஏன் என்று ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. அதுதான் என்னை உறுத்தியது.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு தினமும் பாசஞ்சரில் வேலைக்குப் போகிறேன். அந்தச் சமயத்தில் ஒலக்கூரில் ஏறும் ஒருத்தி எனக்கு இடம் பிடித்து வைக்க ஆரம்பித்தாள். சிரிப்பாள், அவித்த மல்லாட்டையை உரித்து, கடலையை நீட்டுவாள், பேச்சை மெல்ல ஆண்டவர் பக்கம் திருப்புவாள். இவ்வளவு அன்பு எதற்கு என்று தோன்றும். நான் அளந்துதான் பேசினேன்.

ஒருநாள் சொன்னாள்: "அந்த டிராக்டர்காரரையே நெனச்சிக்கினு இருக்காதீங்கக்கா."

நான் அவரைப் பற்றி அவளிடம் சொன்னதே இல்லை.

"உன்ன யாரு அனுப்புனாங்க?"

அவள் முகம் வெளுத்தது. மல்லாட்டைப் பொட்டலத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். விக்கிரவாண்டி தாண்டியதும் சொன்னாள்:

"உங்க வீட்டுக்காரருதான்க்கா. சபையில வந்து அழுதாரு. நான் இந்த ரயில்ல வர்றேன்னு பாஸ்டர் என்னைய உங்ககிட்ட பேசச் சொன்னாரு. நீங்க நின்னப்புறம்தான் நான் அந்த சபைக்கு வந்தேன், அதான் உங்களுக்கு என்னைய தெரியல."

எழுந்து வேறு பெட்டிக்குப் போய்விடலாமா என்றிருந்தது. அவள் என் கையைப் பிடித்தாள்.

"மொதல்ல அதுக்குத்தான் பேசுனேன். இப்ப எனக்காகத்தான் கேக்கறேன். எம் பொண்ணு வயித்துலயே போயிடுச்சி. ஆண்டவரு சித்தம்னாங்க. எல்லாம் அவரு சித்தம்னா, எனக்கு எதுக்குக்கா நியாயத்தீர்ப்பு? நரகம் இல்லேன்னு உங்களுக்கு நெஜமாவே தெரியுமா?"

தெரியாது என்றேன். அதுவும் பாஸ்டர் காதுக்குப் போகுமோ என்று யோசித்துக்கொண்டேதான் சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் கணவரைக் கேட்டேன். மறுக்கவில்லை.

"ஏன் எங்கிட்டயே கேக்கல?"

"கேட்டா நீ சொல்றது சரின்னு எனக்கும் பட்டுடும். அந்த பயம்தான்" என்றார். பிறகு, "நீ இல்லாம நான் மட்டும் மேல போயி இன்னா பண்றது?" என்றார்.

அவர் கண் கலங்கியது உண்மை. ஆனாலும் வேறு யாரிடமெல்லாம் என்னைப் பற்றிப் பேசியிருப்பார் என்றுதான் மனம் கணக்குப் போட்டது.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை அவர் தனியாகச் சபைக்குப் போகிறார். அவள் ரயிலில் இடம் பிடித்து வைக்கிறாள்; நானும் உட்காருகிறேன். சபையை விட்டுவிடலாமா என்று போன வாரம் என்னிடம் கேட்டாள். அதை நீயேதான் முடிவு செய்யணும் என்றேன். ரயில் நின்றதும் அவள் போனை எடுத்தாள். யாரிடம் பேசுகிறாள் என்று பார்த்துக்கொண்டே இறங்கினேன்.