பெரிய புத்தருக்குக் கண் திறந்த நம்ம ஆளு

முதியோரைப் பராமரிக்கும் வேலைக்கு ஜப்பான் போகவேண்டும் என்று யாங்கோனில் பாதிப் பேர் அந்த மொழியைப் படிக்கிறார்கள். நானும் படித்தேன். இரண்டு நேர்காணலில் என்னைக் கழித்துவிட்டார்கள். மூன்றாவதும் போனால் மறுபடி ஷ்வேப்யிதா ஆடைத் தொழிற்சாலையில் தையல் மெஷின்தான்.

“ஜப்பான் சுத்தமான நாடுன்னு எல்லாரும் ஒப்பிச்சா அவங்களுக்குக் காது புளிக்காதா? நம்ம ஆளு கதையைச் சொல்லு புள்ள,” என்றார் தாய்மாமன். முகநூலில் வரும் தமிழ்ப் பெருமையை ஒன்று விடாமல் நம்புகிறவர். நாரா நகரத்துப் பெரிய வெண்கலப் புத்தருக்குக் கண் திறந்துவைத்தவர் இந்தியாவிலிருந்து போன ஒரு பிக்கு. அதுவரை சரித்திரம். அவர் அசல் மதுரைத் தமிழர், சாமுராய்களுக்கு வாள் பிடிக்கச் சொல்லிக்கொடுத்ததும் நம் சிலம்பக்காரர்கள் என்பதெல்லாம் மாமாவின் சரக்கு.

என் அப்பா பர்மியர். சும்மா இருப்பாரா?

“அவ்வளவு தூரம் போனவர் வழியில இங்க இறங்காமலா இருந்திருப்பார்? நம்ம மொஹிங்காவைச் சாப்பிட்டுத்தான் போயிருப்பார்!”

அந்த மீன்குழம்புச் சேமியாவுக்காக மச்சானும் மச்சானும் சோறு ஆறும்வரை மல்லுக்கட்டினார்கள். அம்மா கரண்டியை ஓங்கிய பிறகுதான் ஓய்ந்தார்கள்.

மொழிப்பள்ளிச் சயாமாவிடம், அதாவது டீச்சரம்மாவிடம் கேட்டேன். “தென்னிந்தியர்னு சிலர் சொல்றாங்க. எந்த ஊர்னு இன்னும் அடிதடி. சாமுராய் கதை சுத்தப் புருடா. நேர்காணல்ல இதையெல்லாம் எடுத்தே, தொலைச்சிடுவேன்,” என்றார்.

எடுத்தேனே! திரையில், முதியோர் இல்லம் நடத்தும் ஜப்பானிய அம்மாள் ஒருவர். “ஜப்பானைப் பற்றி என்ன தெரியும்?” என்றதும் மனப்பாடம் செய்ததெல்லாம் காற்றில் போச்சு.

“உங்கள் பெரிய புத்தருக்குக் கண் திறந்தது எங்கள் ஆள்!” என்றேன்.

ஐயோ, செத்தேன். ஓரத்தில் நின்ற சயாமா தலையில் கை வைத்துக்கொண்டார்.

“நிச்சயமாகவா?”

“அறிஞர்களுக்கு நிச்சயமில்லை. என் மாமாவுக்கு நிச்சயம்.”

அந்த அம்மாள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நேர்காணலா, கல்யாண வீடா என்று தெரியாத அளவுக்குச் சிரித்தோம். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: “எங்கள் இல்லத்தில் சில பெரியவர்கள், வெளிநாட்டுக்காரி என்னைத் தொடக்கூடாது என்று கத்துவார்கள். என்ன செய்வீர்கள்?”

இதற்கு யாரும் எனக்குப் பதில் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

“அழமாட்டேன். அம்மா வழியில் நாலு தலைமுறையாக இதே ஊர்தான். இன்னும் எங்களைக் ‘கலா’ என்பார்கள். வெளியிலிருந்து வந்தவள் என்று அர்த்தம். எனக்குப் பழக்கம்தான். மறுநாளும் கஞ்சிக் கிண்ணத்தோடு போய் நிற்பேன்.”

“எப்போது வர முடியும்?”

“நாளைக்கே!”

வேலை கிடைத்துவிட்டது! நாற்காலியைத் தள்ளிவிட்டு வராந்தாவுக்கு ஓடி, இடுப்பில் சுற்றியிருந்த தாமெய்ன் கைலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு குதி குதித்தேன். சயாமா பின்னாலேயே வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் சிரிப்பே இல்லை.

“நம்ம பள்ளியில யாராவது உன்னைக் ‘கலா’ன்னு கூப்பிடறாங்களா? சொல்லு, இப்பவே கேக்கறேன்.”

சந்தோஷத்தில் எனக்கு நாக்கு நிற்கவில்லை.

“நீங்கதான் சயாமா,” என்றேன். “தினமும். பிரியமாத்தான்.”