புகைக்குழாய் பார்த்த பக்கம்

மாலையில் அந்தக் காரின் ரிவர்ஸ் சத்தம் கேட்டால் மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்குவாள். பழைய டீசல் கார். பின்னால் வரும்போது ஒரு பிறந்தநாள் மெட்டை உடைத்து உடைத்துப் பாடும். மெட்டு நின்றால் வண்டி நின்றுவிட்டது, புகைக்குழாய் எங்கள் ஜன்னலைப் பார்த்திருக்கிறது என்று பொருள். அதற்குப் பிறகு அவளுக்கு மறுநாள் காலையைப் பற்றித்தான் நினைப்பு.

சேலையூர்ப் பக்கம் ஒரு மூன்று மாடிக் குடியிருப்பில் நாங்கள் தரைத்தளம். மகளின் அறை ஜன்னல் கார் நிறுத்தும் இடத்தில் திறக்கிறது. வண்டிகளை ரிவர்ஸில் மட்டுமே நிறுத்த வேண்டும் என்று சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். காலை அவசரத்தில் எல்லோரும் நேராக வெளியேறலாம் என்பதற்காகப் போட்ட விதி. போட்டவர்கள் வண்டியின் முன்பக்கத்தை மட்டும் யோசித்திருக்கிறார்கள்.

மகளுக்கு ஆஸ்துமா. பகலில் ஓடுகிறாள், கைப்பந்து ஆடுகிறாள். விடியற்காலையில்தான் மூச்சு இழுக்கிறது. மருந்தின் அளவைக் கூட்டுவதற்கு முன் டாக்டர் ஜன்னலைப் பற்றிக் கேட்டார். சாத்திவைக்கச் சொன்னார். சாத்தினோம். இடுக்குகளில் செய்தித்தாளை மடித்துச் செருகினேன். காலையில் எடுத்துப் பார்த்தால் மடிப்பின் ஓரம் கறுத்திருந்தது.

கார்க்காரர் இரண்டாம் மாடி. வண்டலூர் தாண்டி ஒரு தொழிற்சாலையில் வேலை. காலையில் இறங்கிவந்து எஞ்சினைப் போடுவார். அதை ஓடவிட்டு மறுபடி மேலே போவார். சாமி கும்பிட்டு, சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு சாவகாசமாக இறங்குவார். அதுவரை வண்டி ஆளில்லாமல் உறுமிக்கொண்டிருக்கும். சொல்லிப் பார்த்தேன்.

"டீசல் மேடம். சூடானாத்தான் ஓடும்," என்றார்.

இன்னொரு நாள் சொன்னபோது சிரித்தார். "ஜிஎஸ்டி ரோட்ல அவ்ளோ லாரி போவுது. அதையெல்லாம் வுட்டுட்டு என் ஒரு வண்டியப் புடிச்சிருக்கீங்களே."

"லாரி எதுவும் என் பொண்ணு ஜன்னல்கிட்ட வந்து நிக்கலையே சார்."

சிரிப்பு நின்றது. பழக்கம் நிற்கவில்லை.

மார்கழியில் ஒரு காலை. பனியில் புகை மேலே போகாமல் தரையோடு கிடந்தது. மகள் கட்டிலின் ஓரத்தில் இரண்டு கைகளையும் ஊன்றி உட்கார்ந்திருந்தாள். தோள்கள் ஏறி இறங்கின. இன்ஹேலருக்கு அடங்கவில்லை. கணவர் நெபுலைசரைப் பொருத்தினார். அவள் ஜன்னலைக் காட்டினாள்.

வெளியே போனேன். வண்டியில் ஆள் இல்லை, கதவு பூட்டியிருக்கவில்லை. கையை விட்டுச் சாவியைத் திருப்பினேன். எஞ்சின் ஒருமுறை உதறி அடங்கியது. அதன் பிறகுதான் காக்கைகளின் சத்தம் கேட்டது.

கார்க்காரர் பையோடு வந்தார். வண்டியைப் பார்த்தார். முகம் வெளிறியது. கோபம் என்று நினைத்தேன்.

"ஆஃப் பண்ணீங்களா?"

"ஆமா. உள்ளே வந்து பாருங்க, அவளால மூச்சு விட முடியல."

அவர் வண்டிக்குள் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். டிக் என்றது. மறுபடி டிக். ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"பேட்டரி போயிடுச்சு மேடம். எடுக்குதான்னு முன்னாடியே வந்து பாத்துக்குவேன். ஒரு தடவ எடுத்துச்சுன்னா வுடக் கூடாது, அடுத்த தடவ எடுக்காது. அதான் ஓட வுட்டு வெச்சிருந்தேன். இன்னொரு தடவ லேட்டா வந்தா வேலைக்கே வராதீங்கன்னுட்டாங்க."

"இத்தனை நாள் சூடாகணும்னு சொன்னீங்களே?"

"செத்த பேட்டரின்னு எப்படிச் சொல்றது?"

வாசலிலிருந்து வாட்ச்மேன் எழுந்து வந்தார். "சாவியத் திருப்பினது யாரு?" என்றார். நான் என்றேன். "அப்போ நீங்களும் வாங்க மேடம், தள்ளலாம்."

இருவரும் பின்னால் நின்று தள்ளினோம். வண்டி கேட்டைத் தாண்டிச் சாலையின் சரிவில் இறங்கியது. அவர் கிளட்சை விட்டார். குலுங்கியது. எடுத்துக்கொண்ட வேகத்தில் மொத்தக் கரும்புகையும் என் முகத்தில் அடித்தது. நான் இருமி முடிப்பதற்குள் அவர் முனை திரும்பிவிட்டார். உள்ளே மகள் நெபுலைசர் முகமூடியோடு கண்ணை மூடியிருந்தாள். தோள்கள் இறங்கியிருந்தன.

அன்று மாலை மெட்டு கேட்கவில்லை. அதற்குப் பதிலாக அறைச் சுவர் முழுக்க வெளிச்சம் ஏறி, அணைந்தது. வண்டியின் முகம் ஜன்னலைப் பார்த்து நின்றது. சங்கச் செயலாளர் வாட்ஸ்அப் குழுவில் விதியை நினைவூட்டினார். கார்க்காரர் கை கூப்பும் படம் ஒன்றைப் போட்டார். வண்டியைத் திருப்பவில்லை.

மறுநாள் காலை எஞ்சின் ஓடும் சத்தம் கேட்டு எழுந்தேன். மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அதோடு படுத்திருக்கலாம். வாசலில் யாரோ இருமினார்கள்.

வாட்ச்மேன் நாற்காலியைச் சுவரோரமாக நகர்த்தி, துண்டால் மூக்கைக் கட்டியிருந்தார். புகைக்குழாய் இப்போது கேட்டைப் பார்த்திருந்தது.

"பாப்பா தூங்குதா மேடம்?"

"தூங்கறா."

"தூங்கட்டும். இப்ப நம்ம டர்னு. ஒரே பேஜாரா கீது." துண்டுக்குள் சிரித்தார்.

புகை குறையவில்லை, திரும்பியிருக்கிறது. முந்தின மாலை நான் நிம்மதியாகச் சாப்பிட்டது இதை நம்பித்தான்.

கார்க்காரர் பையோடு இறங்கி வந்தார். "திருப்பி நிறுத்திட்டேன் மேடம், பார்த்தீங்களா?" என்றார். நன்றி சொன்னேன். பேட்டரியைப் பற்றிக் கேட்டேன்.

"நேத்தே வர்ற வழியில தாம்பரத்துல புதுசு போட்டாச்சு."

"அப்புறம் ஏன் ஓடுது?"

வாட்ச்மேனின் துண்டைப் பார்த்தார். "பயம் மேடம்," என்றார் கடைசியில். "எடுக்கலைன்னா?"

"எடுக்கலைன்னா நாங்க ரெண்டு பேர் இருக்கோம் சார்," என்றார் வாட்ச்மேன். "நேத்து தள்ளலையா?"

கார்க்காரர் பையை இருக்கையில் வைத்தார். சாவியைத் தொட்டார், விட்டார், மறுபடி தொட்டுத் திருப்பினார். எஞ்சின் அடங்கியது. புகை கலைந்தது. வாட்ச்மேன் நாற்காலியை விட்டு எழுந்து, துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, தள்ளுவதற்குத் தயாராக வண்டியின் முன்பக்கம் வந்து நின்றார். நானும் நின்றேன்.

கார்க்காரர் எங்களைப் பார்த்துவிட்டு, கண்ணை மூடிச் சாவியைத் திருப்பினார். உடனே எடுத்தது. அவர் கண்ணைத் திறப்பதற்கு இன்னும் கொஞ்ச நேரம் ஆயிற்று.