ரப்பர் கையில் நூற்றுக்கு நூறு

பெரிய சிஸ்டர் அவளைப் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. "சென்டம்" என்றுதான் கூப்பிடுவார். பள்ளியில் நர்சிங் பாடப்பிரிவு எடுத்து, செய்முறைத் தேர்வில் நூற்றுக்கு நூறு வாங்கியவள். அந்த மதிப்பெண்ணைக் காட்டித்தான் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஒரு மாதம் வைத்துப் பார்க்க ஒப்புக்கொண்டார்கள். மாதம் முடிய இன்னும் இரண்டே நாள்.

வெறும் வயிற்றோடு வந்திருந்த பஸ் டிரைவர் கையை நீட்டினார். பட்டையைக் கட்டி, தட்டிப் பார்த்துக் குத்தினாள். ரத்தம் வரவில்லை. ஊசியை மாற்றி மறுபடி குத்தினாள். அதிலும் வரவில்லை.

"என்னம்மா, கிணறு தோண்டுறியா? இன்னும் ரெண்டடி போனா தண்ணியே வந்துடும்."

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரிக்கப் பார்த்தாள், உதடு ஒத்துழைக்கவில்லை.

பெரிய சிஸ்டர் வந்து, டிரைவரிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டே எடுத்து முடித்தார். "சென்டம், நாளைக்கு முதல் ஆள் உன்னுது. ஒரே குத்து. தப்புச்சுன்னா மிச்ச நாளைக்கு வாசல்ல டோக்கன் கொடுத்துட்டுக் கிளம்பு. வர்றவங்க கை என்ன சல்லடையா?"

பள்ளியில் ஊசி குத்திப் பழக நாற்பது பேருக்கும் ஒரே ரப்பர் கை. வருஷக்கணக்காகக் குத்திக் குத்தி முழங்கை மடிப்பில் ஓட்டையே விழுந்திருந்தது. அதில் ஊசியை விட்டால் சிவப்பு மை தானாக ஏறும். நரம்பு என்பது தேட வேண்டிய பொருள் என்று அங்கே யாருக்கும் தோன்றியதில்லை.

மதிய இடைவேளையில், பள்ளியில் நர்சிங் எடுத்த டீச்சருக்குப் போன் செய்தாள்.

"மிஸ், நரம்பு தெரியலன்னா என்ன பண்ணணும்?"

"அஞ்சாவது பாடத்துல இருக்கேம்மா."

"அது மனப்பாடம் மிஸ். விரலுக்குத்தான் தெரிய மாட்டேங்குது."

"நான் தாவரவியல் டீச்சர்ம்மா. நர்சிங்குக்கு ஆள் இல்லன்னு என்னைப் போட்டாங்க. நானும் அந்தக் கையிலதான் கத்துக்கிட்டேன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "இந்த வருஷம் அறுபது பேர் சேர்ந்திருக்காங்க. உன் மார்க்கைப் பார்த்துத்தான்."

மறுநாள் முதல் ஆளாக வந்த பெண்மணிக்குப் பூசினாற்போல் உடம்பு. "பார்த்துக் குத்து கண்ணு, எனக்குப் பயம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பட்டையைக் கட்டித் தடவினாள். தலையணையைத் தடவுவது போலிருந்தது. முதுகுக்குப் பின்னால் பெரிய சிஸ்டர் நின்றார். அவள் விரல், கேட்காமலே, ரப்பர் கையில் ஓட்டை இருந்த இடத்துக்குப் போய் நின்றது. அங்கேயே குத்தினாள்.

சிரிஞ்சு காலியாகவே இருந்தது.

பெரிய சிஸ்டர் இந்த முறை திட்டவில்லை. டோக்கன் கட்டை எடுத்து அவள் கையில் வைத்தார்.