பட்டாளத்து லாரியின் எட்டு ரிவிட்டுகள்

லாரியின் அடிச்சட்டத்தை இணைத்து அடித்திருக்கும் ரிவிட்டு ஆணிகளில் ஒன்றே ஒன்றைப் பிடுங்கினால் போதும், மற்றதெல்லாம் தானாகத் தெறித்து, இடுப்பில் சொருகிய வேட்டி அவிழ்ந்த மாதிரி லாரி முழுவதும் தரையில் விழுந்துவிடும் என்று நான் நம்பியிருந்தேன். சின்னப் பிள்ளை நம்பியிருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். எனக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. மீசை வேறு இருந்தது. இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, நானாகவே கண்டுபிடித்தது.

உலகச் சண்டை முடிந்து பட்டாளத்து லாரிகளை ஏலம் விட்ட சமயம். நானும் ஒன்றை எடுத்துவிட்டேன். தாண்டிக்குடிப் பக்கத்துத் தோட்டங்களில் விளையும் மலைவாழைத் தார்களைப் பெருமாள்மலையில் ஏற்றி, வத்தலக்குண்டு, திண்டுக்கல் என்று சுற்றிக்கொண்டு பழனிக்குப் போய்ப் பஞ்சாமிர்தக் கடையில் இறக்குவது என் திட்டம். அதுவரை மட்டக்குதிரைகள்தான் தார்களைச் சுமந்துகொண்டு மலைப்பாதையிலேயே நேராகப் பழனிக்கு இறங்கின. "இனிமே குதிரைக்கெல்லாம் ஓய்வு" என்று டீக்கடையில் நாலு பேர் காதில் விழும்படி சொன்னேன். அந்த நாலு பேரில் ஒருத்தி, பன்னிரண்டு குதிரைகளுக்குச் சொந்தக்காரி. நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவள் டீயைக் குடித்து முடித்துவிட்டு, "ஓய்வு குடுத்தா நல்லதுதான், பாவம் அதுகளுக்கும் கால் வலிக்குது" என்றாள். அதோடு விட்டாளா? தினமும் வந்து, "எப்பப்பா ஓய்வு?" என்று விசாரித்தாள்.

அது வெடிகுண்டு சுமப்பதற்காகச் செய்த லாரி. ஸ்பிரிங் பட்டைகள் பாறை மாதிரி. மலைப்பாதையின் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் தார்கள் எழுந்து எழுந்து உட்கார்ந்தன. முதல் நடையில் பழனி போய்ச் சேர்ந்தபோது பாதித் தார் கன்றிக் கறுத்திருந்தது. கடைக்காரர் ஒரு சீப்பைப் பிய்த்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பெசையிற சோலி எங்களுதுங்க. நீங்க வழியிலேயே பெசஞ்சு கொண்டாந்துட்டீங்களே."

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு வழி? அப்புறம் அவர் சிரிக்காமல் சொன்னார்: "பங்குனி உத்திரத்துக்குப் பழம் வேணும். வர்ற வெள்ளிக்கிழம ஒரு நடை பாக்குறேன். அடிபடாம வந்தா உங்க லாரி. இல்லேன்னா பழையபடி குதிரைதான்."

அந்த ஒரு கடையை நம்பித்தான் லாரியே எடுத்திருந்தேன். இன்னும் ஐந்து நாள்தான் இருந்தது.

பெருமாள்மலையில் தகரக் கொட்டகை போட்டு மோட்டார் ரிப்பேர் பார்த்துவந்தார் ஒரு பாய். என் வயதுக்காரர்தான். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து, "பழைய பஸ்ஸு ஸ்பிரிங் ஒரு ஜோடி எங்கிட்ட கெடக்கு. மெத்துனு போகும். ஆனா நாலு விரக்கடை நீளம் கூட. பின்பக்கத் தாங்கிய நகத்தி வைக்கணும்" என்றார்.

"நகத்துங்க பாய்."

"நகத்தணும்னா ரிவிட்ட எடுக்கணும்ல? பக்கத்துக்கு நாலு. மொத்தம் எட்டு."

தாங்கி என்பது வேறொன்றுமில்லை, ஸ்பிரிங்கின் நுனியைச் சட்டத்தோடு பிடித்துக்கொண்டிருக்கும் இரும்புக் கை. ஆனால் 'ரிவிட்டை எடுக்கணும்' என்ற சொல் என் காதில் 'உன் லாரியைக் கொத்து பரோட்டா போடணும்' என்று விழுந்தது.

மறுநாள் எட்டு எலுமிச்சம்பழங்களோடு போனேன். புது வண்டிக்குச் சக்கரத்தில் வைத்து நசுக்குவார்கள் இல்லையா, அதே கணக்கில் ரிவிட்டுக்கு ஒன்று. அதுவும் போதாதென்று தேங்காய் நார்க் கயிற்றால் லாரியைக் கொட்டகைக்குப் பின்னாலிருந்த தைல மரத்தோடு கட்டினேன். பாய் கயிற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தண்ணி காட்டியாச்சா? புல்லு போட்டாச்சா?" என்று கேட்டுவிட்டு, நாலு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து சர்பத் போட்டு எனக்கும் ஒரு டம்ளர் கொடுத்தார்.

சட்டத்துக்கு அடியில் கட்டைகளைக் கொடுத்து, பழைய ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, வலது பக்கத்தில் ஆரம்பித்தார். வெட்டிரும்பை ரிவிட்டின் தலைக்குப் பக்கவாட்டில் வைத்துச் சம்மட்டியால் போட்டார். ஏழாவது அடியில் தலை பறந்துபோய்த் தகரக் கூரையில் 'டணார்' என்று மோதியது. நான் ரோட்டில் நின்றேன். கொட்டகைக்குள்ளிருந்து ரோட்டுக்கு எப்படி வந்தேன் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

"அண்ணே, வாங்க. லாரி இங்கனதான் நிக்குது!"

தலை போனாலும் உடம்பு லேசில் வராது. பழுக்கக் காய்ச்சி அடித்த ரிவிட்டு, துளைக்குள் ஊதிப் பிதுங்கி உட்கார்ந்திருக்கும். நடுவில் கை டிரில்லால் குடைந்து, 'பஞ்சு' என்கிற மொட்டை உளியை வைத்து அடித்து வெளியே தள்ளினார். "கரி அடுப்பு வச்சுக் காய்ச்சிட்டா வெரசா வந்துராதா?" என்று யோசனை சொன்னேன். "சட்டத்துல நெருப்பு காட்டுனா இரும்பு சொத்தையாப் போயிரும். அப்புறம் நீங்க பயப்படுற மாதிரியே நடக்கும்" என்றார். இருட்டுவதற்குள் வலது பக்கத்து நாலும் வந்துவிட்டன. சட்டம் பிரியவில்லை.

பிரியாததைக் கண்ணால் பார்த்தவன் நிம்மதியாக இருக்க வேண்டுமா, இல்லையா? நான் வேறு மாதிரி யோசித்தேன். வலது பக்கம் ரோட்டை ஒட்டியிருந்தது. இடது பக்கம் பள்ளம். பிரிந்தால் அந்தப் பக்கம்தான் பிரியும். உருண்டால் வத்தலக்குண்டு வரைக்கும் உருளும். மறுநாள் வெள்ளனே, பாய் வருவதற்கு முன்பே போய், இடது தாங்கிக்கு நேர் அடியில் ஒரு பாறாங்கல்லை நிறுத்தினேன். இடைவெளியில் ஆப்பைச் செருகி, இறுக இறுக அடித்தேன். பாய் கேலி செய்வாரே என்று வாழைத்தார் சுற்றும் சாக்கு ஒன்றை எடுத்து அதன்மேல் தொங்கவிட்டேன்.

"இது என்னத்துக்கு?" என்றார் பாய்.

"பனி அடிக்காம இருக்க."

மூன்று ரிவிட்டுகள் வந்தன. நாலாவது வரவில்லை. தலையை வெட்டியாயிற்று, நடுவில் குடைந்தாயிற்று; பஞ்சை வைத்து அடித்தால் சம்மட்டிதான் எகிறியது. மத்தியானமாயிற்று. டிரில் முனை ஒன்று உடைந்தது. பாய் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "முப்பது வண்டி பாத்திருக்கேன். இந்த மாதிரி முரண்டு பிடிச்சதக் கண்டதில்லண்ணே" என்றார். மறுநாள் வியாழக்கிழமை, தார் ஏற்ற வேண்டிய நாள். எனக்குப் பழனிக் கடை தெரிந்தது, அதன் வாசலில் பன்னிரண்டு குதிரைகள் வரிசையாக நிற்பது தெரிந்தது.

அப்போது அவையே வந்துவிட்டன. தோட்டத்துக்குப் போகிற வழியில் அக்கா குதிரைகளை நிறுத்தி, "எப்பப்பா ஓய்வு?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் முன்னால் நின்ற வெள்ளைக் குதிரை, வண்டியைச் சுற்றிப் போய், பழ வாடை அடித்த சாக்கைக் கவ்வி இழுத்து மெல்ல ஆரம்பித்தது.

அக்கா குனிந்து பார்த்தாள். "ஏலே, என்னலே இது? இடியுற சுவருக்கு முட்டுக் குடுத்த மாதிரி லாரிக்குக் குடுத்து வச்சிருக்க?"

பாய் படுத்தபடியே திரும்பினார். கல்லைப் பார்த்தார். ஆப்பைப் பார்த்தார். அவர் திட்டியிருந்தால் தேவலை.

"அண்ணே," என்றார் கடைசியில், ரொம்பப் பொறுமையாக, "கீழருந்து தாங்கிய மேல நெட்டித் தள்ளுறீங்க. மூணு ரிவிட்டு போயிருச்சு, அம்புட்டு நெட்டையும் ஒத்த ரிவிட்டு தாங்குது. சட்டத்துத் துளையும் தாங்கியோட துளையும் கோணி அதக் கடிச்சுப் பிடிச்சிருக்கு. காலையிலருந்து நான் ஒரு பக்கம் அடிக்கிறேன், நீங்க அந்தப் பக்கம் பிடிச்சிக்கிட்டு இருக்கீங்க."

அக்கா சிரித்த சிரிப்பில் இரண்டு குதிரைகள் மிரண்டன. அவளே உள்ளே வந்து, கையில் கிடைத்த கல்லால் ஆப்பைத் தட்டி உருவிப் போட்டாள். "நா வாயத் தொறக்காமப் போயிருந்தா, வெள்ளிக்கிழம பழனியில நாந்தான்லே" என்றாள்.

"தெரியும்க்கா."

"அப்ப டீ சொல்லு."

கல்லை உருட்டிவிட்டு, பாய் பஞ்சை வைத்து இரண்டு அடி போட்டார். ரிவிட்டு பொத்தென்று கீழே விழுந்தது. அதை எடுக்கப் போய், காலையிலிருந்து அடிபட்ட சூட்டில் விரலைப் பொசுக்கிக்கொண்டேன். அன்று மாலைக்குள் தாங்கிகளை நகர்த்தி, புதுத் துளை போட்டு, போல்ட்டுகளை முடுக்கி, பஸ் ஸ்பிரிங்கை ஏற்றினார்.

வெள்ளிக்கிழமை காலை பழனியில் எண்பது தார் இறக்கினோம். மூன்றுதான் கன்றியிருந்தன. மற்றதைக் கடைக்காரர் எடுத்துக்கொண்டார், உத்திரத்துக்கும் என்னையே கொண்டுவரச் சொன்னார். தோட்டத்திலிருந்து பெருமாள்மலை ரோடு வரைக்கும் லாரி போக வழியில்லாததால், அந்தத் தூரத்துக்குத் தார்களை அக்காவின் குதிரைகள்தான் சுமந்தன; அதுகளுக்கு ஓய்வு கிடைக்கவே இல்லை.