முகுந்தனின் பக்கத்து இருக்கை

கிள்ளான் நிலையத்தில் ரயிலுக்குள் கால் வைத்ததும் முகுந்தன் முதலில் அண்ணாந்துதான் பார்ப்பார். கூரையில் குளிர்காற்று இறங்கும் இடங்களை நோட்டம் விட்டு, காற்று நேராக முகத்தில் அடிக்காத இருக்கையாகத் தேடி, ஜன்னலோரத்தில் தன் பையை வைப்பார். அதற்குப் பிறகுதான் பக்கத்து இடத்தில் அவர் உட்காருவார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பைக்கு ஓர் இருக்கையா என்று முறைக்கிறவர்கள் முறைக்கத்தான் செய்வார்கள். வாய்விட்டே கேட்டுவிடுகிறவர்களுக்குப் பதில் தயாராக இருக்கிறது.

"ஆள் வருது அண்ணே. நடுவுல ஏறும்."

இதில் வேடிக்கை என்னவென்றால், முகுந்தனுக்குக் கிள்ளானில் ஒரு வேலையும் கிடையாது. அவர் குடியிருப்பது தலைநகரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில். காலையில் பக்கத்துச் சென்ட்ரல் நிலையத்தில் ரயில் ஏறிக் கிள்ளான்வரை வந்து, ஊருக்குள் எட்டிக்கூடப் பார்க்காமல், படி ஏறி இறங்கி எதிர்ப்பக்க மேடைக்குப் போய், வந்த வழியே திரும்பும் ரயிலைப் பிடிக்கிறார். மகள் ஜனகா ஏறப்போவது நடுவழியில், புதிய எல்.ஆர்.டி. என்கிற இலகு ரயில் பாதையும் பழைய ரயில் பாதையும் சேர்கிற சந்திப்பு நிலையத்தில். இவர் அங்கேயே இறங்கிக் காத்திருக்கலாம். ஆனால் அங்கே ஏறினால் உட்கார இடம் கிடைக்காது, பிள்ளை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று வரவேண்டும். அதனால் முன்கூட்டியே போய் இடம் பிடித்து வருகிறார். பேருந்து ஜன்னல் வழியாகத் துண்டு போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். ரயிலுக்குத் துண்டு போட இத்தனை தூரம் போகிறவர் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

ஆள் நெடுநெடுவென்று இருப்பார். வயது நாற்பத்து மூன்று. தொழில் ஏர்கான் கழுவுவது. வாரநாட்களில் ஏணி, தண்ணீர் பம்பு, மடித்த கேன்வாஸ் சகிதமாக அடுக்குமாடி வீடுகளில் ஏறி இறங்குவார். சுவரில் இருக்கிற பெட்டியைத் திறந்து காதை வைத்துக் கேட்டுவிட்டு, "கேஸ் இருக்கு ஆன்டி, காத்துதான் வரல. குப்ப அடைச்சிருக்கு" என்பார். பத்து வீட்டில் எட்டு வீட்டுக்கு இதே வாக்கியம்தான். தன் கல்யாணத்தைப் பற்றி யாராவது கேட்டாலும் ஏறக்குறைய இதையேதான் சொல்வார். "கேஸ் இருந்துச்சு லா. காத்துதான் வரல." சொல்லிவிட்டுச் சிரிப்பார். கேட்டவர்கள் சிரிக்கமாட்டார்கள்.

மனைவி ரமணி மருத்துவமனை ஒன்றில் தாதி. அவரைக் குறை சொல்ல முகுந்தனுக்கே வாய் வராது. பிரிந்து போனதில் கூச்சல் இல்லை, போலீஸ் இல்லை. ரமணி மகளோடு கிள்ளானைத் தாண்டித் தன் அண்ணன் வீட்டுப் பக்கம் குடியேறினார். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பிள்ளை அப்பாவோடு என்று நீதிமன்றத்தில் முடிவானது. அப்போது ஜனகா தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு. ரமணி காரில் கொண்டுவந்து கிள்ளான் நிலைய வாசலில் இறக்கிவிடுவார். முகுந்தன் கைப்பிடித்து அழைத்துப்போவார். மாலையில் அதே வாசலில் கொண்டுவந்து விடுவார்.

அந்த ரயில் பயணம்தான் அவருக்கு ஞாயிற்றுக்கிழமை. பிரிக்பீல்ட்ஸுக்கு வந்த பிறகு வாழை இலையில் சாப்பாடு, கடைத்தெரு, கைப்பேசி என்று பிள்ளையின் கவனம் சிதறிவிடும். ரயிலில் அப்படி இல்லை. பக்கத்தில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். பள்ளியில் யார் யாரோடு பேசுவதில்லை, எந்த டீச்சர் முடியை வெட்டிக்கொண்டார், அம்மா எதற்காக அழுதார் என்று எல்லாம் பத்து தீகா நிலையத்துக்கும் படாங் ஜாவா நிலையத்துக்கும் இடையில்தான் வெளியே வரும். ஜனகாவுக்கு சைனஸ். குளிர் பட்டால் தொடர்ந்து தும்முவாள். அதற்காகத்தான் அண்ணாந்து பார்ப்பதும், பைக்குள் ஒரு ஸ்வெட்டரும். தும்மல் நின்றதும் பிரிக்பீல்ட்ஸில் வாங்கிய பீசாங் கோரேங், அதுதான் வாழைப்பழப் பஜ்ஜி, பொட்டலம் பிரியும். ரயிலில் சாப்பிடக் கூடாது என்று எழுதித்தான் போட்டிருக்கிறது. அப்பாவும் மகளும் குனிந்து, பைக்குள்ளேயே கையை விட்டுப் பிய்த்துப் பிய்த்துத் தின்பார்கள்.

மழைக்காலத்தில் சிக்னலுக்காக ரயில் வெட்டவெளியில் நின்றுபோகும். பெட்டி முழுக்க உச்சுக்கொட்டும். கடிகாரம் பார்க்காத ஒரே முகம் முகுந்தனுடையது. "நிக்கட்டும் லா, என்ன அவசரம்" என்று யாரும் கேட்காமலே சொல்வார். எதிர் இருக்கைக்காரர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

இப்படி இருந்த மனிதர்தான் புதிய பாதைக்குக் கொடி பிடித்தார். தூண்கள் எழும்ப ஆரம்பித்த நாளிலிருந்து, எல்.ஆர்.டி. என்னவோ தன் சொந்தச் செலவில் வருவது போலப் பேச்சு. ரயில் ஜன்னலில் மகளின் தலையை மெல்லத் திருப்பிக் காட்டுவார். "அந்தத் தூண் தெரியுதா மா? அது மேலதான் உன் ரயிலு வரப்போவுது. வீட்டுக்கிட்டயே ஏறலாம். இங்க வந்து நம்ம ரயிலோட சேந்துரும். அப்புறம் என்னா, எப்ப வேணாலும் பாத்துக்கலாம்." திறப்பு விழா தள்ளிப்போனபோதெல்லாம் இவர்தான் அதிகம் வாடிப்போனார். ஞாயிறு மட்டும் என்று இருப்பது ஞாயிறும் புதனும் ஆகும், பள்ளி விடுமுறையில் நினைத்தபோதெல்லாம் பிள்ளை வந்துவிடும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார். தூரம்தான் குறுக்கே நிற்கிறது என்று முழுமனதாக நம்பினார் பாவம்.

அந்த நம்பிக்கையில்தான் வாயைக் கொடுத்தார். ரமணிக்கு ஞாயிற்றுக்கிழமைகளிலும் வேலை விழ ஆரம்பித்திருந்தது. காரில் கொண்டுவந்து விடுவது சிரமமாக இருக்கிறது, ஏற்பாட்டைக் கொஞ்சம் மாற்றலாமா என்று கேட்டார். முகுந்தன் யோசிக்கவே இல்லை. "லைன் ஓட ஆரம்பிச்சிட்டா நீ காரே எடுக்க வேணாம் ரமணி. பிள்ளையே வந்துரும். பெரிய பிள்ளை ஆயிட்டா." அந்த வாக்கியத்தின் கடைசிப் பகுதியை அவர் சும்மா ஒரு பேச்சுக்குச் சேர்த்தார். ரமணி அதைத்தான் பிடித்துக்கொண்டார். பெரிய பிள்ளை தானே வரும், தானே போகும், எப்போது வருவது என்பதையும் தானே சொல்லும் என்று முடிவானது. முகுந்தன் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு வந்தார்.

பாதை திறந்து முதல் சில மாதங்கள் அவர் நினைத்தபடியே நடந்தது. ஜனகா வீட்டருகே ஏறி, சந்திப்பு நிலையத்தில் இறங்கி, இணைப்புப் பாலத்தைக் கடந்து கீழே பழைய ரயில் மேடைக்கு வருவாள். முகுந்தன் கிள்ளானிலிருந்து இடம் பிடித்துக்கொண்டு வருவார். "மூணாவது பெட்டி மா" என்று செய்தி அனுப்புவார். கதவு திறந்ததும் அவள் ஓடிவந்து ஜன்னலோரத்தில் விழுவாள். பை அப்பாவின் மடிக்குப் போகும். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஒன்றை மட்டும் அவர் யோசிக்காமல் விட்டிருந்தார். பாதி வழியில் ஏறுகிற பிள்ளை பாதிப் பயணம்தான் வரும். பத்து தீகாவுக்கு அந்தப் பக்கத்துக் கதைகள் எல்லாம் அவர் காதுக்கு வராமலே போயின.

அப்புறம் இடைநிலைப்பள்ளியில் படிவம் இரண்டு வந்தது. டியூசன் வந்தது, கூட்டாளிகள் வந்தார்கள். பிரிக்பீல்ட்ஸ்வரை வர நேரமில்லை என்று, பாலத்தின் மேல் ரொட்டிக்கடை பெஞ்சில் சந்திப்பது என்றானது. கிள்ளானுக்குப் போய்த் திரும்புகிற ரயிலை அப்போதும் முகுந்தன் விடவில்லை. "மனசு மாறி வரேன்னு சொன்னா உக்கார இடம் வேணும்ல" என்பார். பாலத்தைப் பெருக்கும் சீதாலெட்சுமியக்காவுக்கு இவர்கள் இருவரையும் நன்றாகத் தெரியும். பெஞ்சுக்கு அடியில் துடைப்பத்தை நுழைக்காமல் சுற்றிப் போய்விடுவார்.

போன ஞாயிறு முகுந்தன் கிள்ளானுக்குப் போகிற வழியிலேயே செய்தி வந்தது. 'அப்பா, பாலத்துக்கு வாங்க. கேட் கிட்ட.' சந்திப்பு நிலையத்தில் இறங்கி அவசரமாக மேலே ஏறினார். ஜனகா எல்.ஆர்.டி. பக்கத்து டிக்கெட் கதவுகளுக்கு உள்ளேயே நின்றிருந்தாள். கார்டைத் தட்டி வெளியே வரவில்லை. சற்றுத் தள்ளி அவள் வயதுப் பெண்கள் இரண்டு பேர் கைப்பேசியைப் பார்த்தபடி நின்றார்கள்.

"வெளிய வா மா."

"இல்லப்பா, வெளிய வந்தா மறுபடி உள்ள போவணும். ரயிலு வந்துரும். ஃபிரெண்டுங்க வெயிட் பண்றாங்க. ஷாப்பிங் போறோம்."

"சரி சரி. சாப்பிட்டியா?"

"ம்."

முகுந்தன் இடுப்பளவுத் தடுப்பின் மேலாகக் கையை நீட்டிப் பொட்டலத்தைக் கொடுத்தார். ஜனகா வாங்கிக்கொண்டாள். எண்ணெய் ஊறிய காகிதத்தைப் பார்த்துவிட்டு, உடுப்பில் படாமல் விரல் நுனியால் பிடித்தாள். அவர்களுக்கு நடுவே போகிறவர்கள் கார்டைத் தட்டிக்கொண்டு போனார்கள், வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் கதவு திறந்து மூடிற்று. அப்பாவும் மகளும் ஒவ்வொரு தடவையும் பேச்சை நிறுத்தி வழிவிட்டார்கள்.

"ஸ்வெட்டர் எடுத்துட்டு வந்தேன். மால்ல ரொம்ப சில்லுன்னு இருக்கும் மா."

"யாருமே ஸ்வெட்டர் போடல லா அப்பா."

"அடுத்த ஞாயிறு..."

"அடுத்த ஞாயிறு ரிஹர்சல். அதுக்கப்புறம் எக்ஸாம்." அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். கெட்ட பிள்ளை இல்லை அவள். குரலை இறக்கி, ஆறுதலாகத்தான் சொன்னாள். "ஏன்பா மூஞ்சிய அப்படி வைக்கிறீங்க? இப்பதான் ஈசி ஆயிருச்சே. எப்ப வேணாலும் பாத்துக்கலாம்."

தூண் எழும்பிய காலத்தில் இவர் சொல்லிக்கொடுத்த வார்த்தை அது. "ஆமா மா, எப்ப வேணாலும்" என்றார் முகுந்தன். மேலே ரயில் வரும் சத்தம் கேட்டது. பெண்கள் மூவரும் ஓடினார்கள். நகரும் படிக்கட்டில் பாதி தூரம் போன பிறகு ஜனகா ஒருமுறை தும்மினாள். இவர் சட்டென்று பையைத் திறந்தார். அதற்குள் அவள் மேலே போய்விட்டாள்.

பையின் ஜிப்பை இழுத்து மூடினார். பிறகு கிள்ளான் பக்கத்து மேடைக்கு இறங்கப்போனார். சீதாலெட்சுமியக்கா துடைப்பத்தை நிறுத்தினார்.

"அண்ணே, வீட்டுக்குப் போற ரயிலு அந்தப் பக்கம்."

"தெரியும் கா. இங்க ஏறினா இடம் கிடைக்காது."

அக்கா மறுபடி பெருக்க ஆரம்பித்தார்.

கிள்ளானில் இறங்கிப் படி ஏறி இறங்கி எதிர் மேடைக்குப் போனார். ரயில் வந்தது. உள்ளே போய் அண்ணாந்து பார்த்தார். காற்று நேராக அடிக்காத இடமாகப் பார்த்து, மூன்றாவது பெட்டியில், ஜன்னலோரத்தில் பையை வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார். படாங் ஜாவாவில் கொஞ்சம் கூட்டம் ஏறியது. ஒருவர் கேட்டார். "ஆள் வருது அண்ணே" என்றார் முகுந்தன்.

சந்திப்பு நிலையத்தில் கதவுகள் திறந்தன. பாலத்திலிருந்து இறங்கிய கூட்டம் முண்டியடித்துக்கொண்டு உள்ளே வந்தது. முகுந்தன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி ஆளும் ஏறி, கதவு மூடி, ரயில் நகர்ந்தது. கையில் பாசாரில் வாங்கிய காய்கறிப் பைகளோடு வயதான அம்மாள் ஒருவர் நெரிசலில் தள்ளாடியபடி அவரருகே வந்து நின்றார்.

"தம்பி, அங்க ஆள் இருக்கா?"

முகுந்தன் பையைப் பார்த்தார். அந்த அம்மாளைப் பார்த்தார். எழுந்து, தான் உட்கார்ந்திருந்த இடத்தை அவருக்குக் கொடுத்துவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பை ஜன்னலோரத்திலேயே இருந்தது.